வரம்பிலேயே கொடுக்கிற கூலி

சைக்கிளைப் பூட்டுவதற்கு முன்பே பத்மாசனியின் கண் வங்கிக்குள் தொங்கும் டொலர் விலைப் பலகைக்குப் போய்விடும். வாங்கும் விலை ஒரு பக்கம், விற்கும் விலை ஒரு பக்கம். "இந்த ரண்டுக்கும் நடுவில கிடக்கிறது ஆரின்ர காசு? என்ர காசு!" என்று வாசல் காவலாளியிடம் சொல்லிச் சிரிப்பார். காவலாளியும் சலிக்காமல் ஓம் போடுவார்.

முள்ளியவளையில் முருங்கையிலையைக் காயவைத்துத் தூளாக்கி, பாரிஸ், ரொறொன்ரோ தமிழ்க் கடைகளுக்கு அனுப்புவது அவர் தொழில். உதவிக்கு நாலு பெண்கள், அதில் நானும் ஒருத்தி. ஐந்தாவது ஆள் பிலிப்பைன்ஸில் இருக்கும் மரிசெல். பைகளுக்கு லேபல் வரைவதும் இணையக் கடையைக் கவனிப்பதும் அவள். மாதம் நூறு டொலர் பேச்சு.

கடைக்காரர் அனுப்பும் டொலரை வங்கி ரூபாயாக்கும். மரிசெலுக்கு அனுப்ப அதையே திரும்ப டொலராக்கும். இரண்டு முறையும் வெட்டு. போகிற வழியில் இன்னொரு வங்கியும் கைவைத்ததில், முதல் மாதம் அவளுக்குக் கிடைத்தது எண்பத்திரண்டு. அவள் குறை சொல்லவில்லை, கேட்டபோதுதான் சொன்னாள். பத்மாசனிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அருவி வெட்டி நெல் அறுத்தவர்களுக்குப் பொழுதுபட முன்னம் வரம்பில் வைத்தே கூலி கொடுக்கிற குடும்பம் அது. "பேசினதில ஒரு சதம் குறைஞ்சாலும் அடுத்த போகம் ஆர் எங்கட வயலுக்கை இறங்குவினம்?"

அதோடு, வருகிற டொலரை டொலராகவே வைத்திருக்க ஒரு கணக்குத் திறந்தார். வழியில் வங்கிகள் வெட்டுகிற செலவு முழுவதும் தன் பொறுப்பு என்று படிவத்தில் அடையாளமிட்டார். மூன்று மாதத்தைச் சேர்த்து அனுப்பினால் ஒரே கட்டணம்தான் என்று வங்கி அலுவலர் அனோஜன் யோசனை சொன்னார். கூலியைப் பிந்திக் கொடுப்பதா? பத்மாசனி மூன்று மாதத்தையும் முன்கூட்டியே அனுப்ப வந்து நின்றார்.

"அன்ரி, காணாத ஆள். காசை வாங்கிப்போட்டு ஓடினால் என்ன செய்வியள்?"

"ஓடினால் ஓடட்டும் தம்பி. கூலி குறைச்சவள் எண்ட பேர் எனக்கு வேண்டாம்."

வாய்தான் அப்படிச் சொன்னது. பிறகு மூன்று நாளும் போன் அவரோடு குசினிக்கும் கிணற்றடிக்கும் போய் வந்தது. முந்நூறு டொலர் அவருக்குச் சின்னக் காசில்லை. நாலாம் நாள் மரிசெலின் செய்தி வந்தது: முந்நூறும் முழுதாய்க் கிடைத்தது. கூடவே முருங்கைப் பூ வரைந்த புது லேபல். பத்மாசனி அதை முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் காட்டினார், எனக்கு இரண்டு தரம். எனக்கும் சந்தோஷத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

அருவி வெட்டு முடிந்தால் கூலிக்கு மேலே ஒரு கொத்து நெல்லும் அளந்து கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். மறுநாள் தபாற்கந்தோரில் மரிசெலுக்கு ஒரு பொதியை வைத்தார். உள்ளே பனங்கட்டி. தராசைப் பார்த்த தபால் அலுவலர் தனுஷாவுக்குப் பாவமாயிருந்தது.

"அன்ரி, வலு தூரம். முத்திரைக் காசு எவ்வளவு வருமெண்டு..."

"சொல்லாதை பிள்ளை, ஒட்டு" என்று பத்மாசனி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பணப்பையை அப்படியே திறந்து நீட்டினார்.