சிவப்புக் காருக்கு நான் வரவழைத்த மழை

பெரியப்பாவின் சிவப்புக் கார் உரும்பிராயில் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் நுழைந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதற்கு முன் எனக்குப் பொறாமையே வந்ததில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வகுப்பில் பக்கத்தில் இருந்தவளின் பென்சில் பெட்டி தொடக்கம் எல்லாவற்றிலும் எனக்குக் கண்தான். ஆனால் அன்றைக்கு வந்தது அந்த வகை இல்லை. அந்தக் காரைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பெரியப்பா அப்பாவின் அண்ணா. லண்டனில் இருப்பவர். கடைசித் தம்பியான என் சித்தப்பாவின் கலியாணத்துக்காக மகளோடு வந்திருந்தார். கொழும்பிலிருந்து வான் வண்டி பிடித்து வருவார் என்றுதான் எல்லோரும் காத்திருந்தோம். மனிதர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்கு எடுத்து, யாழ்ப்பாணம் வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இரண்டே கதவு. கூரை என் நெஞ்சளவுதான். ஒழுங்கையில் இருந்த சின்ன மேட்டில் அதன் அடி உரஞ்சிய சத்தத்தைக் கேட்டேன். கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

எங்களிடமும் கார் இருந்தது. அதனால்தான் இவ்வளவும். அப்பா பிறக்க முன்பே இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வெள்ளைக் கார் அது. அப்பா அதைக் கலியாணங்களுக்கு ஓட்டுவார். எங்கள் சொந்தத்தில் எந்த மாப்பிள்ளையும் அந்தக் காரில்தான் பெண் வீட்டுக்குப் போனார். முன் சீற்றில், அப்பாவுக்குப் பக்கத்தில், பன்னீர்ச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு நான் இருப்பேன். ஐந்து வயதிலிருந்து அது என் பதவி. இறங்கியதும் பெண் வீட்டுக்காரருக்கு முதலில் பன்னீர் தெளிப்பது நான். மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக எல்லோரும் பார்ப்பதும் என்னைத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வந்த அன்று பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது பெரியப்பா சொன்னார்: "மாப்பிள்ளை என்ரை காரிலை போகட்டும். வீடியோவுக்கும் வடிவாயிருக்கும்."

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. அப்பாவைப் பார்த்ததும் உடனே சுருங்கியது. அப்பா கோப்பையைப் பார்த்தபடி, "அண்ணை சொன்னால் சரிதானே," என்றார். அந்தக் காரின் பின் சீற்றில் பெரிய ஆட்கள் இருக்க ஏலாது. ஆகவே மாப்பிள்ளைத் தோழன் வானில் வருவது என்றும், பன்னீர்ச் செம்போடு பெரியப்பாவின் மகள் பின்னால் இருப்பது என்றும் முடிவாகிவிட்டது. தோழன் இல்லாமல் ஒரு மாப்பிள்ளையா என்று அம்மா முணுமுணுத்தார். தோழனைப் பற்றி எனக்கென்ன கவலை? என் செம்பல்லவா போய்விட்டது!

பெரியப்பாவின் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிடச் சொன்னார்கள். வந்ததும் வராததுமாக எனக்கு ஒரு பெரிய சொக்கலேட் பெட்டி தந்தாள். என் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஓட்டையுடைசல் தமிழில் என் பள்ளிக்கூடத்தைப் பற்றியெல்லாம் ஆசையாகக் கேட்டாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் பெரியப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு பலாலி வீதியில் ஒரு சுற்றுப் போனார். ஆவணி வெயில், றோட்டுக் காய்ந்து வெளிறிக் கிடந்தது. ஒரு வளைவு வந்தது. எங்கள் வெள்ளைக் கார் அந்த வளைவில் ஒரு பக்கம் சரிந்து, கதவெல்லாம் கிறீச்சிட்டு, ஊர்ந்து திரும்பும். நான் பழக்கத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். சிவப்புக் கார் சரியவே இல்லை. வேகம் குறையாமல் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. ஐயோ, அப்படியொரு சுகம்! இன்னொருதரம் போகலாமா என்று கேட்க நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வீட்டில் இறங்கியதும் எப்படி இருந்தது என்று அப்பா கேட்டார்.

"சத்தி வருகுது," என்றேன், வாயைப் பொத்திக் காட்டி.

அப்பாவுக்கு அது பிடித்துக்கொண்டது. வெள்ளைக் காரைத் துடைத்தபடி விளக்கம் சொல்லத் தொடங்கினார். "உது வெயிலுக்குத்தான் ராசா, பிள்ளை. எஞ்சின்ரை பலம் முழுக்கப் பின் சில்லிலை. ரயரும் நல்ல அகலம். காய்ஞ்ச றோட்டிலை ஒட்டிக்கொண்டு நிக்கும். தண்ணி நிண்டால் அந்த அகலமே வினை, மேலை மிதக்கப் பாக்கும். காலைக் கொஞ்சம் கூட அமத்தினால் காணும், வால் முன்னுக்கு வந்திடும்."

"எங்கடை கார் சுழலாதோ?"

"எங்கடை காருக்குச் சுழலப் பலம் எங்கை கிடக்கு?" என்று சிரித்தார். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே, "ஒரு மழை பெய்யட்டும், பாப்பம் உவையின்ரை சாகசத்தை," என்றார்.

அது அப்பாவின் வயிற்றெரிச்சல் பேசிய பேச்சு. எனக்கோ அது கட்டளை. மழை பெய்தால் பெரியப்பா பயந்து காரை எடுக்கமாட்டார், சித்தப்பா எங்கள் காரில் ஏறுவார், செம்பு என் மடிக்கு வரும். என் கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஆவணியில் யாழ்ப்பாணத்தில் மழைக்கு எங்கே போவது? வானம் கழுவித் துடைத்த மாதிரிக் கிடந்தது.

வழி ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா தேங்காய் துருவும்போது நான் தேங்காய்ப்பூவை அள்ளி வாயில் போட்டால், "உன்ரை கலியாணத்தண்டைக்கு மழைதான் கொட்டப்போகுது," என்று கையில் தட்டுவார். எங்கள் ஊரில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் சொல்வார்கள். தின்றவருடைய கலியாணத்துக்குத்தான் மழை வரும், வேறு யார் தின்றும் பிரயோசனமில்லை. ஆகவே சித்தப்பா தின்னவேண்டும்.

கலியாண வீட்டில் தேங்காய்க்கா பஞ்சம்? மூன்று நாள் நான் யாருக்கும் தெரியாமல் பின் விறாந்தையில் இருந்து துருவினேன். கை கன்றிப்போனது. சீனி போட்டுக் கலந்து கோப்பையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கலியாணக் கலக்கத்தில் இருந்த மனிதர், கொடுத்ததையெல்லாம் தின்றார்.

"என்ன பிள்ளை, எனக்கு மட்டும் உந்தக் கவனிப்பு?"

"நீங்கள் மாப்பிள்ளை எல்லோ," என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசி நாள் அரைத் தேங்காய் முழுவதையும் நின்று தின்னப்பண்ணினேன்.

கலியாணத்தன்று காலை எட்டு மணிக்கு இடி முழங்கியது. பிறகு பெய்தது பாருங்கள் மழை! பந்தல் துணி தண்ணீர் கோலித் தொங்கியது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "ஆர் உங்கை தேங்காய்ப்பூத் திண்டது?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக நின்ற சித்தப்பா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நனைகிற வாழைமரத்தைப் பார்த்தேன்.

மழை தூறலாகக் குறைந்தபோது நேரமாகிவிட்டது. பெரியப்பா கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார். அப்பா அவரிடம் போய், "அண்ணை, றோட்டு ஈரம். தம்பியை என்ரை காரிலை ஏத்துவம்," என்றார்.

"லண்டனிலை வருஷம் முழுக்க மழையடா. நான் மழைக்குள்ளையே ஓடிப் பழகினவன்," என்றார் பெரியப்பா. பிறகு, பெண் வீட்டிலிருந்து வந்த ஆட்களும் கேட்க, "உனக்கு எரிச்சல். அதைச் சொல்லன்," என்றார்.

பகிடியாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பிறகு தானும் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் அவருடைய வாய் அப்படியே இருந்தது.

சிவப்புக் காரின் கூரை தாழ்வு என்பதால் தலைப்பாகை இடித்தது. சித்தப்பா கழுத்தைச் சரித்துக்கொண்டு இருந்தார். அக்கா பின்னால் ஏறிச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கை காட்டினாள். இவ்வளவு மழையையும் வரவழைத்துவிட்டு நான் வெறுங்கையோடு நிற்கிறேன்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முன்னால் சிவப்புக் கார், அதற்குப் பின்னால் அப்பாவும் நானும், அதற்குப் பின்னால் வான்கள். உழவு மெசின்கள் தோட்டங்களிலிருந்து சில்லோடு இழுத்துவந்த செம்மண் றோட்டெல்லாம் கிடந்தது. அது மழையில் குழைந்து சேறாகியிருந்தது. வாழைத்தோட்ட வளைவில் சிவப்புக் காரின் பின்பக்கம் லேசாக ஒரு ஆட்டம் ஆடியது. அப்பா "ஐயோ அண்ணை, காலை எடு," என்றார், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல. மறுகணம் கார் அப்படியே திரும்பி எங்களைப் பார்த்தது. பெரியப்பாவின் முகம், சித்தப்பாவின் தலைப்பாகை, அவர்களுக்கு நடுவில் வாயைத் திறந்தபடி அக்கா, எல்லாவற்றையும் பார்த்தேன். பிறகு அது பின்பக்கமாக வழுக்கி, வேலியைப் பிரித்துக்கொண்டு தோட்டத்து வாய்க்காலுக்குள் இறங்கியது.

அப்பா செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார். மாப்பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை. முன் சீற்றை மடக்கி அக்காவை இழுத்தெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லையடா குஞ்சு," என்றார். அவளுக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். மற்றவர்களுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அப்பா அவளை இறக்கிவிடவே இல்லை. கார் வாய்க்காலுக்குள் கிடக்கிற அந்த நேரத்திலும், என்னை அப்படித் தூக்கி எத்தனை வருஷமாகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

சேற்றில் விழுந்த தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு சித்தப்பா எங்கள் காரில் வந்தார். நெளிந்துபோன செம்பு என் மடிக்கு வந்தது. பன்னீர் கொட்டிப் போயிருந்ததால் வழியில் ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டுபோய்த் தெளித்தேன். முகூர்த்தம் தப்பவில்லை. பழைய கார் பழைய கார்தான் என்று பெண் வீட்டில் எல்லோரும் அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். பெரியப்பா வானில் வந்து, யாரோடும் கதைக்காமல் ஒரு மூலையில் இருந்தார். அப்பா அவர் இருந்த பக்கமே போகவில்லை.

பின்னேரம், மறந்து விட்டுவந்த பலகாரப் பெட்டியை எடுக்க அப்பாவும் நானும் மட்டும் வீட்டுக்குப் புறப்பட்டோம். வெயில் எறித்து றோட்டு மறுபடியும் காய்ந்திருந்தது. வாழைத்தோட்ட வளைவில் அப்பா காரை நிற்பாட்டினார். சிவப்புக் கார் இன்னும் வாய்க்காலுக்குள்தான் கிடந்தது. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நினைத்தேன்.

"அப்பா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மழையை நான்தான் வரவைச்சனான்."

தேங்காய்ப்பூக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரிப்பார், கட்டிப்பிடிப்பார், கெட்டிக்காரி என்பார் என்று காத்திருந்தேன். அப்பா சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மழையிலை பிழையில்லைப் பிள்ளை. நல்ல ரயரெண்டால் உந்த ஈரத்துக்கு ஒரு மாதிரிச் சமாளிச்சிருக்கும். அதின்ரை பின் ரயர் ரெண்டும் மொட்டை, ஒரு வெட்டுக்கூட இல்லை. நேற்றுப் பின்னேரம் நான் தடவிப் பாத்தனான்." பெருவிரலால் ஸ்ரியரிங்கைத் தடவினார். "காலமை சொல்லத்தான் போனனான். எரிச்சல் எண்டு சொன்னவுடனை விழுங்கிப்போட்டன். உள்ளுக்கை அந்தப் பிள்ளையும் இருந்தது."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மூன்று நாள் கை கன்றத் துருவினது நான். வானத்தையே உடைத்துக்கொண்டு வந்தது நான். இப்போது அப்பா நோகாமல் வந்து, ரயர் என்கிறார், தான் என்கிறார். மாப்பிள்ளைக் கார் அவருக்குக் கிடைத்தது, ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது, எனக்கென்று மிஞ்சியிருந்த இந்த ஒன்றையும் எடுக்கப் பார்க்கிறாரே!

"இல்லை! நான்தான்! நான்தான் செய்தனான்!" என்று கத்தினேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் கத்தியதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி பிள்ளை," என்றார். "நீதான்."

அப்பாடா என்று சாய்ந்து இருந்தேன். அன்று முழுவதும் வராத நிம்மதி எனக்கு அப்போதுதான் வந்தது. அப்பா மட்டும் காரை எடுக்காமல், வாய்க்காலைப் பார்த்தபடியே வெகுநேரம் இருந்தார். இனி என்னதான் பார்க்க இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பலகாரப் பெட்டிக்கு நேரமாகுது என்று நான்தான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.