முப்பத்தொன்றாம் ஜாயின்ட்

ஆவி, பேய் என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். என் முன்னால் அதைப் பேசியவர்களை முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறேன். இன்றைக்கும் அப்படித்தான். இதைச் சொல்வதால் நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இதில் எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம், அதனால்தான் இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

எனக்கு ஊர் தனுவச்சபுரம், களியக்காவிளையைத் தாண்டி கேரளப் பக்கம். பெயர் ஸ்டெல்லா. பாலிடெக்னிக் முடித்து, வெல்டிங்கை அல்ட்ராசோனிக்கில் சோதிக்கிற வேலைக்குப் பரீட்சை எழுதி வந்தவள். வெல்டிங்குக்குள் ஒலியை அனுப்புவோம், உள்ளே ஓட்டையோ ஒட்டாத இடமோ இருந்தால் அது எதிரொலிக்கும், மிஷினின் திரையில் தெரியும். அதற்கு ஒரு ஸ்கேனர் உண்டு. இட்டிலிச் சட்டி அளவுக்கு ஒரு வண்டி, நாலு காந்தச் சக்கரம், இரண்டு பக்கமும் ஒலியை அனுப்புகிற ப்ரோப், தூரத்தை அளக்க ஒரு குட்டிச் சக்கரம். குழாய்மேல் வைத்துக் கையால் தள்ளிக்கொண்டு சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் தள்ளுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு ஜாயின்ட்டையும், அதாவது இரண்டு குழாயை வெல்டிங்கால் ஒட்டிய இடத்தை, சோதிப்பதற்கு முன்னும் பின்னும் குறையில்லாத இரும்புக் கட்டை ஒன்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். குட்டிச் சக்கரத்தை ஸ்கேல் மேல் உருட்டி அளவு சரியா என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவி, ப்ரோபுக்கு ஜெல் வருகிற ட்யூபை ஊதி, சக்கரத்தில் ஒட்டிய இரும்புத்தூளை எடுத்து, காயவைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு அடுத்த கொல்லயில் பக்கம் குடிதண்ணீருக்குப் பெரிய இரும்புக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குழாயின் சுற்றளவு மூவாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

அது தமிழ்நாட்டு எல்லையில் தகராறு நடந்துகொண்டிருந்த வருடங்கள். தமிழ்நாட்டில், அந்தப் பக்கம், கல் லாரியை மறிப்பார்கள், இந்தப் பக்கம் பதிலுக்கு வேறு வண்டியை மறிப்பார்கள், பஸ் களியக்காவிளையில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும். ப்ரோபுக்கும் குழாய்க்கும் நடுவில் தடவுகிற ஜெல் நாகர்கோவிலிலிருந்து வரவேண்டியது, லாரியோடு அங்கே நின்றுவிட்டது. திருவனந்தபுரத்தில் வாங்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆர்டர் போட்டது வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜெல் இல்லாமல் ஒலி உள்ளே போகாது. அதனால் நான் வீட்டில் வடித்த கஞ்சித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனேன். நன்றாகவே வேலை செய்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

தங்கையண்ணன் பார்த்துச் சிரித்தார். அவர் வெல்டர், அந்தப் பக்கத்து ஆள். பஸ் இல்லாத நாளில் ரப்பர் தோட்டம் வழியாக நடந்தே வந்துவிடுவார், தோளில் போடுகிற துண்டை எங்கள் பக்கம் துவர்த்து என்போம், அவருடையது சிவப்புக் கட்டம் போட்டது, கையில் வெல்டிங் குச்சியைப் பிடிக்க சொந்தமாக வாங்கிய ஹோல்டர்.

"மிஷினுக்குக் கஞ்சியா மக்கா? பயறும் பப்படமும் எங்கே?"

"அண்ணனுக்கு வேணும்னா ஒரு கிளாஸ் தாறேன், குடிச்சிட்டுப் போங்க."

"வேண்டாம். அது குடிச்சு மிச்சம் உள்ளது எனக்கு எதுக்கு?"

அவர் குழாயின் அடியில் மல்லாந்து படுத்துத் தொடங்கி, மேலே ஏறி வருவார். வெல்டர்கள் எல்லாரும் கீழிருந்துதான் தொடங்குவார்கள். சோதிக்கிற நாங்கள் மேலே சாக்பீஸால் சைபர் போட்டு, அங்கிருந்து சுற்றுவோம். இதையும் நினைவில் வையுங்கள்.

சூப்பர்வைசர் பிஜுவுக்கு அந்தப் பக்கத்து ஆட்களைக் கண்டாலே ஆகாது. அவனுடைய அண்ணன் வண்டியை அங்கே இரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கோபம். தொடர்ந்து மூன்று ஜாயின்ட் ஃபெயிலானால் வெல்டரை அனுப்பிவிடலாம் என்பது சைட் விதி. பிஜு ஒரு நாள் என்னிடம் வந்தான்.

"சேச்சியும் தமிழல்லே? தமிழனெக் கண்டா கண்ணை அடைச்சு பாஸ் போட்டுக் கொடுக்கரிது, கேட்டோ."

தமிழன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடாதே என்கிற அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாக இந்தப் பக்கம் இருக்கிறது, வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். என்னைப் பார்த்து இப்படி ஒருவன் கேட்கலாமா? எனக்குப் பாரபட்சம் கிடையாது என்று காட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பாவம் அதற்குத் தங்கையண்ணன்தான் கிடைத்தார்.

அவர் போட்ட இருபத்தொன்பதாம் ஜாயின்ட்டில் எதிரொலி வந்தது. வெல்டிங் நெடுக, ஒரே ஆழத்தில். ஃபெயில் என்று எழுதினேன். முப்பதிலும் அதே மாதிரி. வெல்டிங் நெடுக ஒரே அளவில் குறை வருவது சந்தேகப்பட வேண்டிய விஷயம். உண்மையான குறை என்றால் ப்ரோபைக் கழற்றிக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தும்போது எதிரொலியும் நகரும். மிஷினில் உள்ள குறை என்றால் அது நின்ற இடத்தில் நிற்கும். அரை நிமிட வேலை. நான் செய்யவில்லை. இரும்புக் கட்டையில் ஓட்டிப் பார்க்கவும் இல்லை, பார்த்ததாக நோட்டில் டிக் போட்டேன். நாலு நாளாக ஸ்கேனரைக் கழுவவும் இல்லை. மறியலில் வேலை நாள் போய்விட்டது, அவசரம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை முப்பத்தொன்று. தங்கையண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மக்கா, ஒண்ணு சொன்னா கோவிக்கப்பிடாது. கஞ்சி ஒட்டின சட்டியிலே கழுவாம அடுத்த நேரத்துக்கு அரிசி போடுவாங்களா? அந்த மிஷின ஒருக்கா நல்ல வெள்ளத்திலே கழுவிட்டுப் பாரு."

"எனக்க வேலை எனக்குத் தெரியும். அண்ணனுக்க வேலைய அண்ணன் ஒழுங்காப் பாத்தா போதும்."

"எனக்க வேலை ஒழுங்குதான் ஆக்கும்," என்றார். சத்தம் போடவில்லை. "நீ கழுவிட்டுப் பாரு."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிஜுவும்தான். நான் கழுவவில்லை. ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிஜு உடனே அவரைப் போகச் சொல்லிவிட்டான். அவருடைய வெல்டர் கார்டு ஆபீஸில் இருந்தது, ஹோல்டர் ஷெட்டில் இருந்தது, எதையும் எடுக்க விடவில்லை, திங்கட்கிழமை வா என்றான். அவர் துவர்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் நடந்து போனார். மத்தியானமே அந்த ஜாயின்ட்டை கேஸ் கட்டரால் வெட்டி எடுத்து, வளையத்தைத் துண்டு துண்டாக்கி ரோட்டோரம் போட்டார்கள். வெட்டிய இடத்தைத் தேய்த்தபோது இரும்பு பளபளவென்று சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி குறை இல்லை. வெட்டியவன் என்னைப் பார்த்தான்.

எல்லாரும் போனபின் ஸ்கேனரை இரும்புக் கட்டையில் வைத்தேன். அங்கேயும் அதே எதிரொலி. குறையே இல்லாத கட்டையில். ப்ரோபுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக்கின் முன்விளிம்பில் கஞ்சி காய்ந்து தோலாகப் படிந்திருந்தது, சக்கரத்திலும் ட்யூபிலும் பசை. பிஜு அப்போது ஷெட் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான், போய்ச் சொல்லியிருக்கலாம். நான் ஸ்கேனரை அழுக்கோடு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில். மிஷினின் பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போட வீட்டுக்கு எடுத்துப் போனேன். இந்த இரண்டும் முக்கியம்.

மறுநாள் சர்ச் முடிந்ததும் நேராக சைட்டுக்குப் போனேன். ஒருவரும் அறியாமல் கழுவி வைத்துவிட்டால் திங்கட்கிழமை முதல் சரியாகிவிடும், நடந்தது நடந்ததாகப் போய்விடும் என்பதுதான் என் எண்ணம். தங்கையண்ணனைப் பற்றி அப்போதும் நான் யோசிக்கவில்லை. நல்ல வெயில், மணி பன்னிரண்டரை. வாட்ச்மேன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"ஞாயராழ்ச இவிடெ ஆரு வரான்? ஒரு பட்டி வந்நு, அதும் போயி." ஒரு நாயைத் தவிர யாரும் வரவில்லையாம்.

ஷெட்டைத் திறந்தேன். பெட்டியைத் திறந்தேன்.

ஸ்கேனர் சுத்தமாக இருந்தது. கழுவி, துடைத்து, காயவைத்து. நாலு சக்கரத்திலும் ஒரு பொட்டு இரும்புத்தூள் இல்லை. ட்யூபை வாயில் வைத்து ஊதினேன், காற்று தடையில்லாமல் போனது. கஞ்சி பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கேபிளை வளையமாகச் சுற்றி ஒரு துணிக் கீற்றால் கட்டியிருந்தது. விரல் அகலத்துக்குக் கிழித்த கீற்று, சிவப்புக் கட்டம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யாரோ பெட்டியை உடைத்துத் திறந்திருக்கிறார்கள் என்று பூட்டைப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. பிறகு பேட்டரியைப் போட்டு மிஷினை ஆன் செய்தேன். ஃபைல் பட்டியலின் கடைசியில் புதிதாக ஒன்று இருந்தது. ஜாயின்ட் முப்பத்தொன்று. அன்றைய தேதி, நேரம் பதினொன்று நாற்பது. பதினொன்று நாற்பதுக்கு நான் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தேன், பேட்டரி என் வீட்டில் சார்ஜரில் கிடந்தது, முப்பத்தொன்றாம் ஜாயின்ட் ரோட்டோரத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது.

திறந்து பார்த்தேன். சைபரிலிருந்து மூவாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரை முழுச் சுற்று. ஒரு குறை இல்லை. அப்படி ஒரு சுத்தமான வெல்டிங்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மிஷின் பழைய ஃபைலைக் குழப்பிக் காட்டுகிறது என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குழாயில் நீளவாட்டில் ஃபேக்டரி போட்ட வெல்டிங் ஒன்று ஓடும், ஸ்கேனில் அது ஒரு கோடாகத் தெரியும். நான் மேலிருந்து ஓட்டிய ஸ்கேனில் அந்தக் கோடு நானூறில் இருந்தது. இதில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் இருந்தது. சரியாக அரைச் சுற்று தள்ளி. அதாவது இதை ஓட்டியவர் சைபரை மேலே வைக்கவில்லை. குழாயின் அடியில் வைத்துத் தொடங்கியிருக்கிறார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஃபைலை அழித்தேன். பயத்தில் இல்லை. அதை யாராவது பார்த்தால் என் கையெழுத்து பொய் என்று ஆகிவிடும், அதனால் அழித்தேன். அழிக்கவா என்று மிஷின் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன்.

திங்கட்கிழமை சேதி வந்தது. தங்கையண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே இறந்துவிட்டார். சைட்டிலிருந்து யாரும் அடக்கத்துக்குப் போகவில்லை. எல்லை மறியல் என்று சொல்லிக்கொண்டோம். அவர் தினமும் நடந்து வந்த ரப்பர் தோட்டம் அங்கேதான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி ரோசம்மாள் அக்கா வந்தார், நடந்து. ஆபீஸில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"அவருக்க கார்டு இங்கே உண்டுன்னு சொன்னாவ. சவப்பெட்டியிலே அவரு கூட வைக்கணும்னு நெனச்சேன், அன்னைக்கு பஸ் ஓடல்ல. இனி வீட்டிலயாவது இருக்கட்டும்."

எடுத்துக் கொடுத்தேன். அந்த அக்கா கார்டில் இருந்த போட்டோவைத் தடவிப் பார்த்தார்.

"அவருக்க வேலை மோசம்னு எழுதி வச்சிருக்காமே. நெசமா மோளே?"

"பேப்பர்ல அப்பிடித்தான் இருக்கு அக்கா."

"ம்." கார்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "ஆட்டோவிலே போவும்போதும் அதே பேச்சுதான். அந்தப் பிள்ளை கழுவியிருக்காது, நான் போய்க் கழுவிக் காட்டுதேன்னு. என்னத்தக் கழுவணும்னு எங்களுக்கு ஒண்ணும் விளங்கல்ல. அந்தப் பிள்ளை நீதானா?"

"நான் இல்ல," என்றேன். "அது வேற ஆளு. இப்ப இங்கே இல்ல."

அக்கா பையிலிருந்து ஒரு துவர்த்தை எடுத்து, கார்டை அதில் வைத்து மடித்தார். சிவப்புக் கட்டம். ஒரு ஓரம் நெடுக, விரல் அகலத்துக்குக் கிழிந்து போயிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அவரு கையிலே பிடிச்சிருந்தது. எங்கே கிழிஞ்சுதோ தெரியாது. கிழிஞ்ச கீற்றையும் காணல்ல," என்றார்.

அந்தக் கீற்று நாலடி தூரத்தில், என் மேஜைக்குக் கீழே, பெட்டிக்குள் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

அந்த வேலையை விட்டு எத்தனையோ சைட் மாறிவிட்டேன், மிஷினும் மாறிவிட்டது. கீற்று மட்டும் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் ஸ்கேனரைக் கழுவித் துடைத்து, கேபிளைச் சுற்றி அதால்தான் கட்டுகிறேன். முடிச்சை மேல்பக்கம் வருகிற மாதிரி போடுவேன். சில நாள் காலையில் திறந்தால் முடிச்சு அடியில் இருக்கும். வண்டியில் வரும்போது பெட்டி ஆடிக் கேபிள் திரும்பியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பூட்டிய பெட்டிக்கும், பேட்டரி இல்லாமல் ஓடிய மிஷினுக்கும்கூட உங்களைப் போல யாராவது ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்லலாம், கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை நான் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு மட்டும் ஒரு காரணமும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.