நுரைக்காத ஷாம்பு

என் மனைவி வேலை செய்யும் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றுபோனபோது, எங்கள் வீட்டில் முதலில் மெலிந்தது பற்பசை. பிரஷ்ஷின் நீளத்துக்கு நெளிநெளியாக வைத்துப் பழகியவர்கள் ஒரு பட்டாணி அளவுக்கு இறங்கினோம். பல்லுக்கு அது தெரியவில்லை. நுரைதான் குறைந்தது. இத்தனை நாளும் நுரைக்கா காசு கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று மனைவி வாயில் பிரஷ்ஷோடு கேட்டாள்.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. துணிமெஷினில் போடும் சோப்புத்தூளைப் பாதியாக்கினாள். துணி அதேபோல்தான் வெளுத்தது. கொடியில் காயும்போது வந்த வாசனை மட்டும் வரவில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தை ஸ்பாஞ்சில் நேராகப் பிழிவதை நிறுத்தி, ஒரு கிண்ணத் தண்ணீரில் சில சொட்டு விட்டு அதில் தோய்த்துக் கழுவினாள். தேய்ந்து போன சோப்பைத் தூக்கிப் போடாமல், புதுச் சோப்பு நனைந்ததும் அதன் முதுகில் ஒட்டிவைத்தோம். இரண்டொரு குளியலில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்காவிலிருந்து செய்தி அனுப்புகிறவன். அதற்குமுன் பல வருடங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் அனுப்பிய செய்திகளைக் குறைத்துக்கொண்டிருந்தேன். குறைத்திருப்பது வாசகருக்குத் தெரியாமல் குறைப்பதுதான் அந்த வேலை. வீட்டிலும் இப்போது அதே வேலைதான் தேவைப்பட்டது. தெரியக்கூடாதவர் ஒருவர் இருந்தார், என் மாமனார்.

அவர் பெம்பானுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். மாமியார் காலமான பிறகு ஜொகூரில் இருந்த மகன் வீட்டுக்குப் போனார். ஒருநாள் மகன் கரண்டு பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது அவர் காதில் விழுந்தது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் மறுநாள் காலை பஸ் ஏறிப் பெம்பானுக்கு வந்து, ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்துத் தனியாக இருந்தார். அங்கே குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. பக்கத்து அறைக்காரர் வேலை முடிந்து வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறார்.

அதன் பிறகு மனைவி வாராவாரம் போய்ப் பேசி, புக்கிட் காத்திலில் உள்ள எங்கள் வீட்டுக்கு அவரை வரவைத்தாள். வந்த அன்று செருப்பைக் கழற்றுமுன் வாசலில் நின்றபடியே சொன்னார்: "நான் இருக்கிறதுனால ஒங்களுக்குக் கையக் கடிக்குதுன்னு தெரிஞ்சா, அன்னைக்கே பஸ் ஏறிடுவேன். அப்புறம் அழக் கூடாது."

அவர் ஏறுவார் என்று எங்களுக்குத் தெரியும். மறுபடி அந்த அறை, அதே வழுக்கும் தரை.

அதனால் மனைவி ஒரு விதி வைத்தாள். எதைக் குறைத்தாலும் அப்பாவின் பொருளில் கைவைக்கக் கூடாது. அவருடைய சந்தனச் சோப்பு, முகப்பவுடர், தனிப் பற்பசை எல்லாம் தீருமுன்பே புதிதாக வந்துவிடும். ஷாம்பு மட்டும் மூவருக்கும் பொது. தலையை அழுத்தினால் வழியும் பெரிய போத்தல். எஸ்டேட்டில் துணி சோப்பிலேயே தலைக்கும் குளித்து வளர்ந்த மனிதர் அவர். இந்த வயதிலும் அடர்த்தியாக நின்ற வெள்ளை முடிக்குத் தினமும் ஷாம்பு போட்டு, வாசல் கண்ணாடியில் வகிடெடுத்துப் பார்த்துக்கொள்வார். அவருக்கு இருந்த ஆடம்பரம் அது ஒன்றுதான். அதனால் ஷாம்பும் விதிக்குள் வந்தது.

வீட்டில் குளியலறை ஒன்றுதான். உள்ளே போனால் எல்லாரும் தாழ்ப்பாள் போடுகிறோம். போத்தல் பாதிக்குக் கீழே இறங்கியதும் நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவைத்தேன். காபி குடிக்கும் கோப்பையில் கால்வாசிகூட இருக்காது. மனைவியிடம் சொல்லவில்லை. விதி அவளுடையது. அதற்குப் பிறகு அந்தப் போத்தல் இறங்கவே இல்லை. வாரங்கள் போயின, அது பாதியிலேயே நின்றது. எந்தச் செய்தியையும் இரண்டுமுறை சரிபார்த்து அனுப்புகிற நான், இதை என் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் போக மனைவி எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய்த் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் போத்தலோடு வெளியே வந்தாள். எவ்வளவு போட்டாலும் நுரைக்கவில்லையாம். "இது டூப்ளிகேட். நீங்கதானே பேப்பர்ல எழுதுனீங்க, போலிச் சாமான் வருதுன்னு."

நான் எழுதியது உண்மை. நான் ஊற்றிய தண்ணீருக்கு இப்படி ஆகாது என்பதும் எனக்கு நிச்சயம். ஆகவே நானும் நம்பினேன். இரண்டு பேரும் போத்தலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம்.

எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் உள்ள அந்த மளிகைக் கடையை ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் நடத்துகிறார். எங்கள் எல்லாருக்கும் அவர் பாய். காலை வேளைகளில் மாமனார் அங்கேதான் இருப்பார். நான் வீட்டுக்கு வாங்கும் அதே பத்திரிகையைக் கடைவாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பார். அங்கே படித்தால் உடனே பேசுவதற்கு ஆள் இருக்கிறது. அன்றும் இருந்தார்.

அப்பா காதில் விழாதபடி மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பாயைக் குற்றம் சொல்லவில்லை, சரக்குப் போடுகிறவன் ஏமாற்றியிருப்பான் என்றாள். பாய் முகம் சுருங்கிவிட்டது. அவருடைய வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் போலிச் சாமான் விற்றதில்லை. போத்தலை வாங்கி இடது உள்ளங்கையில் அழுத்தினார். விரலிடுக்கில் இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைவரை ஓடியது. அலமாரியிலிருந்து அதே ஷாம்பில் ஒரு புதுப் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து வலது கையில் அழுத்தினார். அது கட்டியாக நின்றது. இரண்டு கைகளையும் எங்கள் முன் நீட்டினார்.

"கம்பெனிக்காரன் ஒண்ணும் செய்யல, தங்கச்சி. வீட்டுலயே யாரோ ஒங்களுக்குத் தண்ணி காட்டியிருக்காங்க."

ஏமாற்றுவதற்கு நாம் சொல்லும் சொல்தான். அது அன்று கடையில் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். கொஞ்சம் ஊற்றினேன் என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, "நீங்களுமா?" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நாற்காலியில் பத்திரிகை மடங்கும் சத்தம் கேட்டது. "அப்போ மூணு பேரா? அதான் லா. நான் ஊத்துன அளவுக்கு இது ரொம்பத் தண்ணியா இருக்கேன்னு பாத்தேன்" என்றார் மாமனார்.

பாய் சிரித்த சிரிப்பில் இரண்டு கை ஷாம்பும் கல்லா மேசையில் சிந்தியது. இந்தக் குடும்பம் இருந்தால் தன் கடைக்குப் பூட்டுத்தான் என்றார். திறந்த போத்தலைச் சும்மா எடுத்துப் போகச் சொன்னார். மனைவி கேட்கவில்லை, காசைக் கொடுத்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் ஊற்றியிருக்கிறார் என்றால் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு நடந்தோம். மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வர, அவள் அவருடைய நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். இருட்டிய பிறகு அவளை இறக்கிவிடும் கம்பெனி பஸ் வெளிச்சம் இருக்கும்போதே வரத் தொடங்கியது முதல், என்றார். பிறகு நின்று, "அது கூடப் பரவாயில்ல. என் சோப்பு மட்டும் எப்பவும் புதுசா இருக்கு. ஒங்க சோப்பு வெத்தலை மாதிரி கெடக்கு. குளிக்கிற எடம் ஒண்ணுதானே மா?" என்றார்.

நாங்கள் குறைத்ததை மட்டும் அவர் பார்க்கவில்லை. குறைக்காமல் விட்டதையும் படித்திருக்கிறார்.

மனைவி கையிலிருந்த பழைய போத்தலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்படியானால் ஏன் பஸ் ஏறவில்லை என்று கேட்டபோது அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. ஒரு வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு இடுப்புக்கு ஓய்வு கொடுத்தார்.

"ஏறலாம்னுதான் இருந்தேன். ஜொகூர்ல எனக்குச் செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வந்துட்டேன். இங்க அப்படியா? நான் போயிட்டா யாரு தண்ணி ஊத்துறது? நீங்க ரெண்டு பேரும் பயந்து பயந்து ஊத்துற ஆளுங்க."

அப்போதுதான் அவள் சிரித்தாள். துண்டு அவிழ்ந்து எண்ணெய்த் தலை தெருவுக்குத் தெரிந்ததைப்பற்றிக் கவலைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் பழைய போத்தலைக் கழுவிக் காயவைத்தார். காய்ந்த பிறகு சாப்பாட்டு மேசையில் எங்கள் முன்பாகவே புது ஷாம்பில் பாதியை அதில் ஊற்றி, குடிக்கும் டம்ளரில் தண்ணீர் அளந்து விட்டு, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். இனி இது தன் வேலை, வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்றார். விதி இப்போது அவருடையதாகிவிட்டது.

அன்று சாயந்திரம் நான் குளிக்கப் போனேன். எங்கள் சோப்புத் தட்டு காலியாக இருந்தது. பக்கத்துத் தட்டில், அவருடைய சந்தனச் சோப்பின் முதுகில், எங்கள் மெலிந்த துண்டு ஒட்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். நன்றாகப் பிடித்திருந்தது.