முள்ளிப்பட்டில் வெந்த புழுக்கள்

பதினாறு வருஷமாக வனிதாவுக்கு மரத்தில் பூச்சி பொறுக்குவதுதான் வேலை. அடையாள அட்டையில் ‘ஆய்வுக்கூடக் களப்பணியாளர்’ என்று இருக்கிறது. ஆரணி பஸ்ஸில் ‘பூச்சிக்காரம்மா’ என்றால்தான் கண்டக்டருக்கே தெரியும்.

ஆனாலும் முள்ளிப்பட்டில் பட்ட பாடு அவள் எங்கும் படவில்லை. நெசவாளர் தெருவின் ஏழு புங்கமரங்களிலும் புழு இலையைச் சல்லடையாக்கியிருந்தது. தறியில் ஏற்றுமுன் நிழலில் நீளமாக இழுத்துக் கட்டும் பட்டுநூல் பாவில் அதன் எச்சம் விழுந்து கறையானது. இரண்டு முறை மருந்தடித்தும் போகவில்லை. எல்லோரும் பாவை அடுத்த தெருவுக்கு மாற்றிக்கொண்டு, சனிக்கிழமை மரங்களை வெட்டுவதென்று முடிவெடுத்தார்கள். எந்த வண்டின் புழு என்று தெரிந்தால் மரங்களைக் காப்பாற்றலாம். புழுவின் டி.என்.ஏ.வைப் பார்த்தால்தான் அது தெரியும்.

புதன்கிழமை நாற்பது புழு பிடித்தாள். அவற்றைக் கெடாமல் போட்டுவைக்கக் குப்பியில் இருந்த ஸ்பிரிட் ஒழுகிப்போயிருந்தது. புழு டப்பாவை, அதே தெருவில் தறியும் வைத்திருக்கும் சாயக்காரர் சுப்பராயலுவிடம் கொடுத்துவிட்டு ஸ்பிரிட் வாங்க ஆரணிக்கு ஓடினாள். திரும்பி வந்தால், பட்டுநூலின் பசை போக்கும் சட்டியில் புழுக்கள் மிதந்தன.

“நாத்தம் புடிக்குமேன்னு சோப்பு, சோடா போட்டு வேகவெச்சிட்டேம்மா. எவ்ளோ சுத்தமா கீது பாரு!”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “டி.என்.ஏ.வும் வெந்துபோச்சுங்க! இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது, கொழம்பு வெக்கிறதா?”

“அழுக்குதான போச்சு? புழு அப்டியே கீதே?”

இந்த மனுஷனிடம் யார் மல்லுக்கட்டுவது! மறுபடி மரமேறிப் பன்னிரண்டு புழு பொறுக்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். முடிவு வரப் பத்து நாளாகும் என்றார்கள். அதுவரை மரத்தை வெட்ட வேண்டாமென்று தெருவில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை ரம்பத்தோடு ஆட்கள் வந்தபோது, ஏழு மரத்தடியிலும் சுப்பராயலுவின் பாவு நீண்டு கிடந்தது. கட்டிய பாவைத் தாண்டி அந்தத் தெருவில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். அதன் தலைக்கு மேல் மரம் வெட்டுவதாவது!

“அறுந்த இழய பிணைச்சிகினு கீறேன். நாளைக்கு வாங்க” என்றார்.

மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும். தெருவே அவரைத் திட்டியது.

பதினோராம் நாள் வண்டின் பெயர் வந்தது. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும்போது வேரடியைக் கிளறி மருந்து போட்டால் போதுமாம். வனிதா மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். சுப்பராயலு நிமிரக்கூட இல்லை. வேகவைத்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. ஈரத்துணியால் பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தனை நாள் எச்சமும் அவர் பட்டில்தான் விழுந்திருந்தது. துடைக்கத் துடைக்கக் கறை பரவியது.