முஃபீதா ஊசி போட்ட சோளகக் காலம்

முஃபீதா பிறந்தது அகதி முகாமில். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட அவளுடைய உம்மாவும் வாப்பாவும் புத்தளத்தில் ஓலைக் குடிசையொன்றில் ஒதுங்கியிருந்த காலம் அது. வளர்ந்ததும் உச்சமுனைத் தீவின் மீனவன் றஸீனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் கொண்டுவரும் மீனைக் கருவாடாக்கி விற்றாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போயின. மூன்றாவது ஏழு மாதத்தைத் தொட்டபோது ஊரெங்கும் கொரோனா.

கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசி போடுவதாகக் கிளினிக்கிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அன்றே யாரோ அனுப்பிய குரல்பதிவொன்று ஃபோனில் வந்தது: அந்த ஊசி பிள்ளையைக் கலைத்துவிடுமாம்.

"நான் போடமாட்டன். இதையும் பறிகுடுத்திட்டு எப்பிடி இருக்கிற?" என்றாள். றஸீன் வற்புறுத்தவில்லை. அவனுக்கும் பயம்.

அடுத்த கிழமை எத்தாளையிலிருந்து செய்தி வந்தது. றஸீனின் மாமி மகள் மர்ளியாவும் பிள்ளைத்தாச்சி, ஊசி போடாமல் இருந்தவள். கொரோனா தொற்றி, மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் மௌத்தாகிவிட்டாள். பிள்ளையும் தப்பவில்லை. ஜனாஸாவை வீட்டுக்குத் தரவில்லை. கொரோனாவில் இறந்தவர்களுக்கு அப்போதிருந்த சட்டப்படி எங்கோ தூரத்தில், ஓட்டமாவடியில் அடக்கினார்கள். பெற்ற உம்மா முகம்கூடப் பார்க்கவில்லை.

முஃபீதாவுக்கு ஊசியை நினைத்தாலும் பயம், ஊசியில்லாமல் இருப்பதை நினைத்தாலும் பயம். சுபஹுத் தொழுகை முடிந்ததும் றஸீனிடம் வந்தாள்.

"என்னைக் கற்பிட்டிக்குக் கூட்டிப்போங்க. மிஸ்ஸிட்ட நேர கேக்கணும்."

கற்பிட்டி கிளினிக்கில், எல்லாரும் மிஸ் என்று கூப்பிடும் மருத்துவிச்சி நஃபீஸா இருந்தாள்.

"மிஸ், உண்மையச் சொல்லுங்க. இது புள்ளையக் கலைக்குமா?"

"இல்ல தங்கச்சி. அப்பிடி ஒண்டும் காணல்ல. கை நோகும், காய்ச்சலும் வரலாம், வந்தா பனடோல் போடுங்க. உங்களுக்குக் கொரோனா வந்தாத்தான் ரெண்டு பேருக்கும் ஆபத்து. புள்ள ஆடுறது குறைஞ்சா மட்டும் பாத்துக்கிட்டு இருக்காம உடனே வாங்க."

"உங்கட கூடப்பிறந்தவளா இருந்தா?"

"அவளுக்கும் நான்தான் கூட்டிப்போய்ப் போட்டன்."

முஃபீதா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

மறுநாள் காய்ச்சல் அடித்தது. மாத்திரை போட்டுப் படுத்தவள் பகலில் எழும்பி வயிற்றைத் தடவினாள். அசைவில்லை. ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

"புள்ள ஆடல்லங்க!" என்று அவள் கத்தியது கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த றஸீனுக்குக் கேட்டது.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று, தீவுக்கும் கற்பிட்டிக்கும் நடுவிலிருந்த களப்பைக் கொந்தளிக்க வைத்திருந்தது. அந்த நேரத்தில் ஒருவரும் படகு இறக்கமாட்டார்கள். றஸீன் இறக்கினான். முஃபீதா வலைக்குவியலில் சாய்ந்து, தெறித்த உப்புத் தண்ணீரில் நனைந்தபடி, கரை வரும்வரை வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. நானே கொன்றுபோட்டேன், நானே கொன்றுபோட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் தாதி வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினாள். கொஞ்ச நேரம் இரைச்சல்தான். பிறகு குதிரை ஓடுவது போல ஒரு சத்தம் அறையை நிறைத்தது.

"கேட்டீங்களா? புள்ளையின்ட இதயம்தான். நல்லா இருக்கு" என்றாள் தாதி.

முஃபீதா விம்மி விம்மி அழுதாள்.

இரண்டாவது ஊசிக்கும் பயந்துகொண்டுதான் போனாள். பின்னர் றஸீனுக்குக் கொரோனா வந்தது, அவளுக்கும் தொற்றியது. கருவாட்டு நாற்றம்கூடத் தெரியாமல் கிடந்தாள். இருமலும் உடம்பு நோவும் வந்தன. மூச்சு மட்டும் முட்டவில்லை.

செப்டம்பரில் ருஷ்தா பிறந்தாள். றஸீன் அவள் காதில் பாங்கு சொன்னான். ஆனாலும் முஃபீதாவின் பயம் அதோடு போய்விடவில்லை. தூங்கும் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு இருப்பாள்.

"விடு புள்ள, அவள் தூங்கட்டும்" என்பான் றஸீன்.

"கொஞ்சம் இருங்க. மூச்சு வருதா எண்டு பாக்கிறன்."