முதலில் ருசி பார்த்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கொதிக்கிற தொட்டியில் பட்டு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் சாயப்பட்டறை வாசலில் முனுசாமி சைக்கிளை விட்டு இறங்கினார். பக்கத்துப் பட்டறைக்காரர். "எத்திராஜண்ணா போயிட்டாருபா" என்றார். வேறு யாராக இருந்தாலும் எப்போது, எப்படி என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்டது, "இன்னா சாப்ட்டாரு?"

முனுசாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சாப்பாட்டுல ஒண்ணும் இல்லபா. விடியக்காலைல மார் வலிக்குதுன்னாராம். டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சி" என்றார். அதைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லாமல், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் சாயப்பட்டறைக்காரர்கள் சங்கத்துக்குப் பல வருடம் செயலாளராக இருந்த எத்திராஜ் அவர்களைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

அவர் பயந்த சுபாவம். கோவில் யானை வருகிறதென்றால் அடுத்த தெருவுக்குப் போய் நின்றுகொள்வார். அதைச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் யானையைவிட அவர் அதிகம் பயந்தது சங்கக் கட்டிடத்தின் பின்னறைக்கு. பட்டறைகளுக்கு வேண்டிய சாயம், அமிலம், சோடா, உப்பு எல்லாவற்றையும் சங்கம் மொத்தமாக வாங்கி அங்கேதான் வைத்திருந்தது. மூட்டைகளிலும் டப்பாக்களிலும் எழுதியிருந்ததெல்லாம் ஆங்கிலம். சங்கத்தில் இருந்த பெரியவர்களில் ஒருவருக்கும் அது படிக்க வராது. அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். புளித்தால் அமிலம், கரித்தால் உப்பு. சாயத் தொட்டியில் புளிப்பு போதுமா என்று பார்ப்பதும் நாக்கால்தான். என் அப்பாவும் அப்படித்தான் பார்த்தார்.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் தெருக்களில் காலேஜ் முடித்த பட்டறை வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். நான் கெமிஸ்ட்ரி. சங்கம் என்பது ஐம்பது வயதுக்கு மேல் வருகிற வியாதி என்பது எங்கள் கருத்து. எத்திராஜ் அவர்கள் எங்களைத் தேடி சலூனுக்கு வருவார், வாலிபால் ஆடும் இடத்துக்கு வருவார். கையில் குடையோடு ஓரமாக நின்று, ஆட்டம் முடிகிறவரை காத்திருப்பார்.

"படிச்ச பசங்க நீங்க. சங்கத்துக்கு வந்தா இன்னாபா? அந்த ரூம்ல இருக்கறத யாராவது ஒருத்தர் படிச்சி சொல்லணும். எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதுபா."

தூக்கம் வராத ஆளுக்கு நாங்கள் என்ன செய்வது? சிரித்துக்கொண்டே நழுவினோம். அவர் விடவில்லை. சங்கத்தில் கேரம்போர்டு வாங்கிப் போட்டார், இங்கிலீஷ் பேப்பர் வரவழைத்தார், ஒரு ரேடியோவும் வந்தது. நாங்கள் போனோம், கேரம் ஆடினோம், பாட்டுக் கேட்டோம், வீட்டுக்கு வந்தோம். பின்னறைக் கதவு பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் பெரியவர்களோடு சண்டை போட்டு, இளைஞர்களுக்கென்று சங்கக் கட்டிடத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார்.

அன்றைக்குச் சமையலுக்கு வந்தவர் பெருமாள் கோவில் பக்கத்துக்காரர், அறுபது வயது. சுவாமிக்குக் காட்டும் முன் எதையும் ருசி பார்க்கக் கூடாது என்பது அவர் பழக்கம். உப்பு, புளி எல்லாம் கண் அளவுதான், ஒருநாளும் தப்பியதில்லை. கற்பூரம் காட்டியாயிற்று. பதினோரு இலை போட்டுச் சோறும் சாம்பாரும் விட்டார்கள். நான் பிசைந்து முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனேன்.

அடுப்படிப் பக்கம் போயிருந்த எத்திராஜ் அவர்கள் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வந்த வேகத்தில் என் கையைத் தட்டிவிட்டார். சோறு என் சட்டையெல்லாம் சிதறியது. "யாரும் வாயில வெக்காதீங்க" என்று அலறினார். கையில் ஒரு பழைய தகர டப்பா.

"உப்பு தீந்து போச்சி. பின்னால ரூம்ல இந்த டப்பால இருந்துது, எடுத்துப் போட்டேன்" என்றார் சமையல்காரர். "உப்பு டப்பாதானே?"

சங்கத் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா எத்திராஜு, கூப்புட்டு ஒக்கார வெச்சி அவமானம் பண்றியா?" என்று கத்தினார். எனக்கும் கோபம்தான். எத்திராஜ் அவர்கள் டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"நீ படிச்சவன்தானே. இது இன்னான்னு சொல்லுபா."

அதுவரை அவர் கேட்டதை நாங்கள் காதில் போட்டுக்கொண்டதில்லை. டப்பாவில் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள் மிச்சமிருந்தது. பார்வைக்கு உப்புதான். ஒரு தட்டில் கொட்டி, பின்னறையிலிருந்து அமில ஜாடியை எடுத்துவரச் சொல்லி, அதன்மேல் கொஞ்சம் விட்டேன். தட்டிலிருந்து பழுப்புப் புகை குபுகுபுவென்று எழுந்தது. எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். அது நைட்ரைட். சிவப்புச் சாயத்துக்குப் போடுவது; வயிற்றில் போனால் கால் மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டுகிற விஷம். நாக்கில் வைத்தாலும் உப்பு போலத்தான் கரிக்கும். ஒரு அண்டா சாம்பாரில் கை நிறையப் போட்டிருந்தார் சமையல்காரர்.

அன்று மத்தியானமே பதினோரு பேரும் சங்கத்தில் கையெழுத்துப் போட்டோம். லட்சியம், தொண்டு என்றெல்லாம் ஒன்றும் இல்லை. உயிர்ப் பயம். சாயங்காலத்துக்குள் பின்னறையில் இருந்த ஒவ்வொரு டப்பாவிலும் தமிழில் பெயர் எழுதி ஒட்டினோம். நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று கதவில் எழுதினோம். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் அந்தப் புகையைப் பார்த்திருந்ததால் அடங்கினார்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எத்திராஜ் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பதினோரு உயிரைக் காப்பாற்றியவர் என்று தலைவர் பேசினார். அவர் தலை குனிந்து நின்றார். அடக்கம் என்று நினைத்தோம்.

நான்கு வருடம் கழித்து அவரையே தலைவராக்க எல்லாருமாக முடிவு செய்தோம். அவர் மறுத்தார். சமாதானம் செய்ய நான் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த டப்பால அதக் கொட்டி வெச்சது நான்தான்பா" என்றார். "மழைல மூட்டை கிழிஞ்சி ஒழுகிக்கினு இருந்துது. காலி டப்பா அது ஒண்ணுதான் கைல கெடச்சிது. சாயத்துக்குப் போடற உப்பு வெச்சிருந்த டப்பா. அப்புறமா மாத்திடலாம்னு இருந்தேன். மறந்துட்டேன். அன்னிக்கி அடுப்பாண்ட அந்த டப்பாவப் பாத்தேன் பாரு..."

என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். அன்று தட்டிவிட்ட அதே கை.

"நான் இருக்கற வரைக்கும் யாராண்டயும் சொல்லாத. என் பொண்ணுங்க காதுல விழுந்தா தாங்கமாட்டேன். நான் போனப்புறம் சொல்லு. புதுசா சேர்ற பசங்களுக்குக் கட்டாயம் சொல்லு. மறதி எல்லாருக்கும் வரும்னு சொல்லு."

எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நான்கு வருடமும் அவர் எப்படிச் சாப்பிட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். அதற்கும் அன்றே பதில் கிடைத்தது. அண்ணி சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். அவர் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து முதலில் தான் சாப்பிட்டார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் பெண்களை அழைத்தார். "தெனமும் இப்படித்தான். ஆறிப்போன சோறுதான் எங்க வீட்ல" என்றார் அண்ணி, சிரித்துக்கொண்டே. ஏன் என்று அவருக்குத் தெரியாது. அதன்பின் எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை யார் வீட்டில் இலை போட்டாலும் முதல் கவளத்தின்போது என் கை ஒரு நொடி நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேகவதி ஆற்றங்கரையில் தகனத்தை முடித்துவிட்டுத் திரும்பினோம். அவர் நகங்களில் சிவப்பு கடைசிவரை போகவில்லை. வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எதிர்வீட்டிலிருந்து சாம்பார் சாதம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அண்ணியும் இரண்டு பெண்களும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். சின்னவள்தான் மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா இன்னும் ருசி பாக்கலியே."

நான் போய் ஒரு கரண்டி எடுத்தேன். கை ஒரு நொடி நின்றது. வாயில் போட்டு விழுங்கினேன். பிறகு அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆயிற்று.

"சாப்புடுங்கம்மா" என்றேன். சாப்பிட்டார்கள்.

நீங்கள் சொன்னபடி எல்லாரும் படிக்க எழுதிச் சொல்லிவிட்டேன், அண்ணே. இனி பயப்படாமல் தூங்குங்கள். சாப்பாட்டில் ஒன்றும் இல்லை. உப்புதான் கொஞ்சம் குறைவு.