ஃபரிதா காலி செய்த அஞ்சடி

எங்கள் சாலையில், அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கடைவாசல் நடைபாதையை மோட்டார் சைக்கிள்கள் அடைத்துக்கொள்வதால் எல்லோரும் சாலையில் இறங்கித்தான் நடப்போம். இதை மாற்ற நான் நகராட்சிக்குப் படங்களோடு எட்டுப் பக்க மனு எழுதினேன். பதிலே இல்லை. பக்கத்து வீட்டு ஃபரிதாவோ கடை கடையாகப் போய், "அண்ணே, மோட்டாரை அந்தப் பக்கம் வைங்களேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஒரே வாரத்தில் பாதை காலி! குடியிருப்பாளர் கூட்டத்தில் அவளுக்குக் கைதட்டல். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலையே அவள் தோல்விக்கு ஆதாரம் தேடிக் கிளம்பினேன். நாசி கண்டார் சோற்றுக் கடை வாசலில் ஒரே ஒரு மோட்டார் நின்றது. ஆனந்தமாகக் கைப்பேசியை எடுத்து, கடைப் பலகையும் தெரியட்டும் என்று பின்னால் நகர்ந்தேன். சாலையில் இறங்கியதே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் லாரி ஹார்ன் அலறியது. முன்னால் பாய்ந்து விழுந்ததில் முழங்கால் சிராய்த்துவிட்டது.

கடைக்கார அண்ணன் ஓடி வந்து தூக்கினார். "என்னம்மா, ரோட்டுல நின்னுக்கிட்டா படம் புடிப்பாங்க? அது கெட்டுப்போன மோட்டார் லா. தள்ளிட்டுப் போக ஆளு வருது. ஃபரிதாகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

படத்தை அங்கேயே அழித்தேன். இப்போது சனிக்கிழமைதோறும் ஃபரிதாவோடு அடுத்த தெருக் கடைகளில் நானும் நேரில் போய்க் கேட்கிறேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. போன வாரம் அவள் பேச்சுக்கு மூன்று கடைக்காரர்கள் இசைந்தார்கள், என் பேச்சுக்கு இரண்டு பேர்தான். இந்தச் சனிக்கிழமை அவளுக்கு முன்பே கிளம்பப் போகிறேன்.